காசு மாலையும் விடுதிக் கட்டணமும்

“இவ்வளவு நகை போட்டிருக்கீங்களே, விடுதிக் கட்டணம் கட்ட உங்களால முடியாதுங்களா?”

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள்தான் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. பெயர் வேண்டாம். ஏசி போட்ட அறை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இந்த அம்மாள். கைத்தறிச் சேலை, கழுத்தில் மெல்லிசாக ஒரு கறுப்புப் பாசிமணி, அவ்வளவுதான். அவருக்கு ஒரு பக்கம் தலை நரைத்த பேராசிரியர் ஒருவர். மறுபக்கம் கணினியைத் தட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞர். மேசைக்கு இந்தப் பக்கம் நானும் என் மகள் சுஜிதாவும்.

என் கழுத்தில் தாலிக்கொடி. அதற்கு மேல் ரெட்டைவடச் சங்கிலி. அதற்கும் மேல் காசு மாலை. கைக்கு நாலு நாலு வளையல், காதில் ஜிமிக்கி. ஏசிக் காற்றில் காசுகள் சில்லென்று நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தன.

சுஜிதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண் என்ன சொன்னது என்று எனக்குப் புரிந்தது. சொல்லும்மா, இது இரவல் நகைன்னு சொல்லு.

நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்ட விரும்புகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். ஊரில் நிறையப் பேர் ஏற்கெனவே திட்டி முடித்துவிட்டார்கள்.

கழுத்துதான் மாறும்

எங்கள் பக்கத்தில் நகை போடுவது என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. அந்த மேசைக்குப் பின்னால் இருந்த மூன்று பேருக்கும் தெரிந்திருக்கவில்லை.

நாஞ்சில் நாட்டில் ஒரு நல்ல காரியத்துக்கு வெறுங்கழுத்தோடு போனால் போகிறவளுக்குக் குறைச்சல் இல்லை, அழைத்தவருக்குத்தான் குறைச்சல். “எங்க வீட்டு விசேசம்ணா இவளுக்கு இவ்வளவு எளப்பமா?” என்று பந்தியிலேயே பேச்சு வரும். அதனால் இருக்கிறவள் தன்னுடையதைப் போடுவாள். இல்லாதவள் அடுத்த வீட்டில் வாங்கிப் போடுவாள். கேட்க வெட்கப்படுவதும் கிடையாது, கொடுக்க முகம் சுளிப்பதும் கிடையாது. காரியம் முடிந்த மறுநாள் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

நான் அன்று போட்டிருந்த காசு மாலை என் அண்ணன் மனைவி லீலா மைனியுடையது. அது போகாத கல்யாண மண்டபம் எங்கள் சொந்தபந்தத்தில் கிடையாது. யார் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினாலும் அந்த மாலை இருக்கும், கழுத்துதான் மாறியிருக்கும். பார்க்கிற எல்லோருக்கும் அது யாருடையது என்று தெரியும். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒருத்தி கழுத்தில் கிடப்பதை வைத்து அவள் வீட்டு அரிசிப் பானையை எடை போடுகிற வழக்கமே எங்களுக்குக் கிடையாது.

அந்த நேர்முகத்துக்கு அழைப்பு வந்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். என் மகளுடைய படிப்பு முடிவாகப் போகிற இடம், என் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய விசேஷம் இனி வரப்போவதில்லை. அங்கே எப்படி வெறுங்கழுத்தோடு போவது?

சுஜிதா சொல்லிப் பார்த்தாள். “எம்மா, இது இன்டர்வியூ. கல்யாணம் இல்ல.”

“கல்யாணத்த விடப் பெருசுட்டி,” என்றேன்.

“நான் கம்மல் மட்டுந்தான் போடுவேன்.”

“நீ கம்மலு போடு. ஒனக்கும் சேத்து நான் போடுகேன்.”

சேர்த்தேதான் போட்டேன்.

சட்டிப் பக்கத்துப் படிப்பு

என் வீட்டுக்காரர் கல்ஃபிலிருந்து முதுகு வலியோடு திரும்பி வந்ததையும், நாங்கள் பூதப்பாண்டியில் வத்தல் கடை போட்டதையும் போன வாரம் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காக ஒரு வரி: ஏத்தங்காயை, அதாவது நேந்திரங்காயை, சீவித் தேங்காயெண்ணெயில் வறுத்து விற்பது எங்கள் பிழைப்பு. கல்யாண வீடுகளுக்கு உப்பேரி என்று மொத்தமாகச் செய்து கொடுப்போம். அவர் முதுகை நிமிர்த்த முடியாது. உட்கார்ந்து காய் உரிப்பார், சீவுவார். சட்டி என்னுடையது.

கடையும் வீடும் ஒன்றுதான். சட்டிக்குப் பின்னால் ஒரு ஸ்டூல், ஒரு பழைய தையல் மேசை. சுஜிதா அங்கே இருந்துதான் படித்தாள். “இந்தப் புகையில எப்பிடிப் பிள்ள படிக்கும்” என்று வத்தல் வாங்க வருகிறவர்கள் பரிதாபப்படுவார்கள். அந்தப் பரிதாபத்தோடு நூறு கிராம் கூடுதலாகவும் கேட்பார்கள்.

வத்தலுக்கு உப்புத் தண்ணீரைக் கொதிக்கிற எண்ணெயில்தான் தெளிக்க வேண்டும். தெளித்ததும் சடசடவென்று பொங்கும். பிறகு சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். அடங்கி, காய் ஒன்றோடு ஒன்று உரசுகிற சத்தம் கேட்டால் பதம். எனக்குக் கை வேலையாக இருந்தால் சுஜிதா புத்தகத்தை விட்டுத் தலையைத் தூக்காமலேயே சொல்வாள், “எம்மா, கோரு.” கரண்டியால் கோரி அள்ளினால் சரியாக இருக்கும். கணக்கைப் போட்டுக்கொண்டே சட்டிக்கும் காது கொடுக்கிற பிள்ளை அவள். அவள் கெட்டிக்காரிதான், சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

அந்தக் கல்லூரி தனியாக ஒரு நுழைவுத் தேர்வு வைத்தது. முதல் இருபது இடத்துக்குள் வருகிறவர்களுக்குப் படிப்புக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் தகுதி உதவித்தொகையில் இலவசம் என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். நோட்டீஸைக் கொண்டுவந்து காட்டியது அவளுடைய கணக்கு டீச்சர். நாகர்கோவிலில் ஒரு மையத்தில் எழுதினாள். ஒன்பதாவது இடம் வந்தாள்.

அன்றைக்கு நான் ஒரு ஈடு வத்தலைக் கருக்கிவிட்டேன். அந்தக் கருகல் வாசனை இப்போதும் எனக்குப் பிடிக்கும்.

பிறகு அழைப்பு வந்தது. படிப்புக் கட்டணம் உறுதி. விடுதியும் சாப்பாடும் நேர்முகத்துக்குப் பிறகு முடிவாகும் என்று எழுதியிருந்தது. படிப்புக் கட்டணம் மட்டும் கிடைத்து விடுதி கிடைக்காவிட்டால் அது எங்களுக்குக் கிடைக்காதது மாதிரிதான். பூதப்பாண்டியிலிருந்து கோயம்புத்தூருக்குத் தினமும் பஸ்ஸிலா போய்வர முடியும்? பாங்கில் கடையின் பேரில் ஏற்கெனவே கடன் இருந்தது. இன்னொரு கடனுக்கு அந்த மேனேஜர் எங்கள் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார்.

அண்ணன் காட்டிய வழி

என் அண்ணனுக்குக் குளச்சலில் வலையும் கயிறும் விற்கிற கடை. படகுக்காரர்கள் எல்லாம் அவரிடம்தான் வாங்குவார்கள். நல்ல வரும்படி. செய்தி கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். சூடான வத்தலைத் தின்றுகொண்டே சொன்னார்:

“ஏட்டி பகவதி, எதுக்கு அங்கயும் இங்கயும் போயி நிக்க? ஹாஸ்டலு, சாப்பாடு, துணிமணி, எல்லாம் நான் பாத்துக்கிடுதேன். பிள்ள படிக்கட்டு.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் அல்லவா!

“படிச்சி முடிச்ச ஒடனே நம்ம பிரவீனுக்குக் கெட்டி வச்சிருவோம். போட்ட மொதலும் வெளிய போவாதுல்லா.”

கலங்கிய கண் அந்த நிமிடமே காய்ந்தது.

பிரவீன் அவருடைய மகன். நல்ல பையன்தான், அவன் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மாமன் மகன், முறையும் உண்டு. ஆனால் முதல் என்ற வார்த்தை என் காதில் விழுந்துவிட்டது. என் பிள்ளையை வலை உருளையோடு சேர்த்துக் கணக்கில் எழுதிவிட்டார் மனிதர்.

என் வீட்டுக்காரர் காய் உரிப்பதை நிறுத்தாமல், “தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கப்பிடாது பகவதி,” என்றார். அவர் எதற்கும் ஒரு பழமொழி வைத்திருப்பார். சண்டை வேண்டாம் என்பதுதான் எல்லாப் பழமொழிக்கும் அர்த்தம்.

“இங்க மாடு யாரு? எனக்க மவளா?” என்று கேட்டேன். அவர் அடுத்த காயை எடுத்துக்கொண்டார்.

அண்ணனிடம் சொன்னேன்: “காலேஜிலயே ஹாஸ்டலும் தாறாவளான்னு பாத்துட்டுச் சொல்லுகேன் அண்ணே.”

“தரலேன்னா?”

“தரலேன்னா சொல்லுகேன்.”

தரவில்லை என்றால் என்ன சொல்வேன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். படிக்கவே போகாதே என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வராது. அண்ணன் சொன்னதற்குத் தலையாட்ட வேண்டியதுதான். அந்த நேர்முகத்தில் விடுதி கிடைக்கிறதா இல்லையா என்பதில் என் மகளுடைய கல்யாணமும் மாட்டிக்கொண்டிருந்தது.

இதில் வேடிக்கை, நகை இரவல் வாங்க நான் போனதும் அதே அண்ணன் வீட்டுக்குத்தான். லீலா மைனி பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் கட்டிலில் எடுத்துப் போட்டார். “நல்லா நெறச்சுப் போட்டுக்கிட்டுப் போ பகவதி. வெளியூர்ல நம்மள ஒருத்தனும் எளப்பமா நெனச்சிரப்பிடாது,” என்றார்.

ரயிலில் நகையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போக முடியுமா? வத்தல் டப்பாவின் அடியில் நகைப் பொட்டலத்தை வைத்து, மேலே வத்தலைக் கொட்டி மூடி, மடியில் வைத்துக்கொண்டேன். எதிர் இருக்கையில் இருந்தவர் வழி முழுக்க அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு வந்தார். வத்தலுக்காகத்தான் பார்த்தார், பாவம். மேலிருந்து ஒரு பிடி அள்ளிக் கொடுத்தேன்.

கோயம்புத்தூர் ஸ்டேஷனில் முகம் கழுவி, காத்திருப்பு அறைக் கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் பூட்டினேன். துடைத்துத் துடைத்துப் பார்த்தும் காசு மாலையில் தேங்காயெண்ணெய் வாசனை போகவில்லை.

மறுபடியும் அந்த அறை

“முடியாதுங்களா?” என்று அந்த அம்மாள் இன்னொரு தடவை கேட்டார்.

இரவல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் முகம் அப்படியே இளகியிருக்கும். ஐயோ பாவம் என்று தோன்றியிருக்கும், விடுதியும் கிடைத்திருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த ஐயோ பாவத்தை வாங்கிக்கொள்ளத்தான் எனக்கு மனம் வரவில்லை. என் பிள்ளை புகைக்குள் உட்கார்ந்து ஒன்பதாவது இடம் வாங்கியது எதற்கு? கடைசியில் என் கழுத்தைக் காட்டி இரக்கம் வாங்கவா?

“மேடம், ஒரு சந்தேகம்,” என்றேன். “இந்த ஸ்காலர்ஷிப்பு மார்க்குக்குத் தாறதா, பஞ்சத்துக்குத் தாறதா?”

கணினி இளைஞர் தட்டுவதை நிறுத்தினார். “நீங்க கேரளாங்களா?” என்று கேட்டார்.

“இல்ல, பூதப்பாண்டி. தமிழ்நாடுதான்.”

அந்த அம்மாள் சொன்னார், “படிப்புக் கட்டணம் மார்க்குக்குத்தாங்க. விடுதிக்கு மட்டும் குடும்ப நிலைமையும் கொஞ்சம் பாக்குறோம்.”

“நோட்டீசுல அப்பிடிப் போடலியே.”

“போடலதான். ஆனா வசதி இருக்கிறவங்களுக்குக் கொடுத்துட்டா இல்லாதவங்களுக்கு இல்லாமப் போயிடுமில்லைங்களா?”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. சுஜிதா, “மேடம், அது வந்து...” என்று ஆரம்பித்தாள். மேசைக்குக் கீழே அவள் கையைப் பிடித்து அமுக்கினேன். அவள் நிறுத்திவிட்டாள்.

எங்களுக்கு முன்னால் ஒரு பையனும் அவன் அப்பாவும் அந்த அறைக்குள் போய் வந்திருந்தார்கள். வெளியே வந்ததும் அப்பா போனில் சத்தமாகச் சொன்னதை வராந்தாவில் இருந்த எல்லோரும் கேட்டோம், “ஹாஸ்டலும் சேர்த்துக் கொடுத்துட்டாங்க.” கையில் தங்க வார் போட்ட கடிகாரம். வாசலில் நின்ற பெரிய கார் அவருடையது. டிரைவர் ஓடிவந்து கதவைத் திறந்தார்.

“மேடம், எனக்கு முன்னால ஒரு சார் வந்துட்டுப் போனாவல்லா,” என்றேன். “அவிய கையில கெட்டியிருந்த வாட்சு என்ன வெலைன்னு கேட்டியளா?”

அந்த அம்மாள் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார்.

“கேட்டிருக்க மாட்டிய. ஆம்பள கார்ல வந்தா அது அவிய தகுதி. பொம்பள கழுத்துல நாலு காசு கிடந்தா அது வசதி. எனக்க மவ ஒம்பதாவது. அந்தப் பையன் எத்தனாவதுன்னு அந்தத் தம்பி கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லட்டு. எனக்க பிள்ளைக்கி மேல இருந்தா, நான் இப்பமே எந்திரிச்சுப் போறேன்.”

இளைஞர் அந்த அம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாள் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் தண்ணீர் குடித்தார்.

“பஞ்சத்துக்குத் தாறதுன்னா பஞ்சம்னு போர்டு எழுதி வையுங்க. அந்த வரிசையில வேற நல்ல பிள்ளைய நிப்பாவ. நான் அதுல வந்து இடிக்க மாட்டேன். இது மார்க்கு வரிசை. இதுல எனக்க பிள்ள நிக்கி.”

என் குரல் அறைக்கு வெளியே கேட்டிருக்க வேண்டும். கதவுக்குப் பக்கத்தில் நின்ற பியூன் தலையை நீட்டிப் பார்த்தார்.

“கொஞ்ச நேரம் வெளிய இருங்க. கூப்பிடுறோம்,” என்றார் பேராசிரியர்.

வேப்ப மரத்தடி

வெளியே ஒரு வேப்ப மரம், அதைச் சுற்றி சிமெண்டுப் பெஞ்சு. உட்கார்ந்ததும் சுஜிதா என் கையை உதறினாள்.

“இரவல்னு ஒரு வார்த்த சொன்னா தேஞ்சா போவ?”

“சொன்னா தந்திருப்பாவ மக்கா.”

“பெறவு?”

“பெறவு நாலு வருசமும் நீ அங்க எரக்கப்பட்டுச் சேத்த பிள்ள. ஒம்பதாவது வந்த பிள்ள இல்ல.”

“அது எனக்குப் பரவால்ல!” என்று கத்தினாள். பெஞ்சில் இருந்த இன்னொரு குடும்பம் எங்களைப் பார்த்தது. “எனக்குப் பரவால்லம்மா. நாலு வருசம் இங்க படிக்கப் போறது நானா, நீயா?”

நான் வத்தல் டப்பாவை மடியில் ஏற்றி வைத்துக்கொண்டேன். அவள் அழவில்லை. தாடையை இறுக்கிக்கொண்டு தூரத்தில் தெரிந்த விடுதிக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடி வரிசையில் துணி காய்ந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் தலையை விரித்துப் போட்டு உலர்த்திக்கொண்டிருந்தாள்.

உண்மையைச் சொல்கிறேன். உள்ளே அத்தனை பேச்சுப் பேசிய எனக்கு அங்கே பயம் பிடித்துக்கொண்டது. விடுதி இல்லை என்று சொல்லிவிட்டால் ஊருக்குப் போய் அண்ணனுக்குத் தலையாட்ட வேண்டும். என் வாய்க்கொழுப்புக்குப் பிள்ளை கழுத்தை நீட்டியது மாதிரி ஆகிவிடும். அப்போதும் உள்ளே போய் இரவல் என்று சொல்லத் தோன்றியதா என்றால், இல்லை. இன்றைக்கு அதே அறையில் உட்கார்த்தி வைத்தாலும் அதையேதான் பேசுவேன். பயம் வேறு, செய்தது தப்பு என்பது வேறு.

டப்பாவைத் திறந்து வத்தலை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. பியூன் வந்து வாங்கிக்கொண்டார். “உள்ள நல்லாப் பேசினீங்கம்மா,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, “கூப்பிடுறாங்க,” என்றார்.

அறையில் அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஒரு காகிதத்தை சுஜிதாவின் பக்கம் தள்ளினார். சுஜிதாவைப் பார்த்தே பேசினார்.

“தர வரிசைப்படி விடுதியும் சாப்பாடும் உனக்கு உண்டும்மா. ஆனா ஒவ்வொரு செமஸ்டரும் வகுப்புல முதல் பத்துக்குள்ள இருக்கணும். ஒரு தடவை இறங்கினாலும் அடுத்த செமஸ்டர் முழுக் கட்டணமும் கட்டணும். சம்மதமா?”

“சம்மதம் மேடம்,” என்றாள் சுஜிதா. காகிதத்தை ஒரு தடவை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

எழுந்து கும்பிட்டேன். அந்த அம்மாளும் கும்பிட்டார். பிறகு, பேச்சைச் சுமுகமாக முடிக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, “காசு மாலை ரொம்ப நல்லா இருக்குங்க. பழைய வேலைப்பாடு. உங்க அம்மா வீட்டுதுங்களா?” என்று கேட்டார்.

“இல்ல மேடம். எங்க மைனிக்குள்ளது. நாளைக்கித் திருப்பிக் குடுக்கணும்.”

அவர் முகம் போன போக்கை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. “வளையல்?” என்றார்.

“அதும் மைனிக்குள்ளது. ஜிமிக்கியும்.”

“இத முதல்லயே சொல்லியிருக்கலாமேங்க!”

“நீங்க மார்க்கக் கேட்டிருந்தா மொதல்லயே சொல்லியிருப்பேன் மேடம். மாலையக் கேட்டிய. அது யாருக்குள்ளதா இருந்தா என்ன?”

பேராசிரியர் மறுபடியும் தண்ணீர் குடித்தார். இந்தத் தடவை சிரிப்பை அடக்கத்தான் குடித்தார் என்று நினைக்கிறேன்.

யார் பேசுவது

மறுநாள் குளச்சல் போய் நகையைக் கொடுத்தேன். நடந்ததைக் கேட்டு லீலா மைனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “எனக்க மால சண்டைக்கும் போயிட்டு வந்திட்டா?” என்றார். பிறகு கடைப் பக்கம் எட்டிப் பார்த்து, அண்ணன் வரவில்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார். “சுஜிதா எனக்கு மருமவளா வந்தா சந்தோசந்தான் பகவதி. ஆனா வெலை குடுத்து வாங்கின மருமவ எனக்கு வேண்டாம் கேட்டியா.” எனக்கு மைனியை அன்றைக்குத்தான் ரொம்பப் பிடித்தது.

அண்ணன் அடுத்த ஞாயிறு வந்தார். கல்யாணச் சீசன், சட்டி இறங்காத நாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வத்தல் வாங்க வந்த இரண்டு மூன்று பேரும் நின்றிருந்தார்கள்.

“ஓசிப் படிப்பு கிடைச்சிற்றுன்னு கேள்விப்பட்டேன்,” என்றார்.

“ஓசி இல்ல அண்ணே. அவ மார்க்கு குடுத்து வாங்கினது.”

“எவனோ வெளியூர்க்காரன் தாறது இனிக்கி. கூடப்பெறந்தவன் தாறது கசக்கு.”

“நீங்க தாறதுல ஒரு மாப்பிள்ளையும் சேந்து வருகுல்லா. அவிய வெறும் ஹாஸ்டல்தான் தாறாவ.”

வத்தல் வாங்க வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அண்ணனுக்கு முகம் சிவந்தது. ஆனால் அவர் வியாபாரி, சட்டென்று கோபத்தை விழுங்கத் தெரிந்தவர்.

“செரி. முதல் பத்துக்குள்ள நிக்கணுமாமே? ஒரு தடவ எறங்கினா நீ எங்கிட்டதான் வரணும் பாத்துக்கோ. எறங்கலேன்னாலும் நாலு வருசம் கழிச்சு இஞ்சதானே வருவா? அப்பம் நீயும் நானும் இருந்து பேசி முடிப்போம்.”

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெளிவாக இருந்தது. ‘எனக்க மவ’ என்று வாயைத் திறந்தேன்.

“மாமா.”

சுஜிதா உள்ளேயிருந்து வந்து நின்றாள். கையில் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்த சுடிதார். மாமாவிடம் அவள் ஒருநாளும் எதிர்த்துப் பேசியது கிடையாது.

“நான் எறங்க மாட்டேன் மாமா. நாலு வருசம் கழிச்சு நீங்க வாருங்க, சாயா போட்டுத் தாறேன். ஆனா கல்யாணத்த அம்மைட்டக் கேக்காதிய. எங்கிட்டக் கேளுங்க. என்ன சொல்லணுமோ நான் சொல்லுகேன்.”

என் நெஞ்சு நிறைந்துவிட்டது. கடைக்காரி என்பதையும், ஆட்கள் நிற்கிறார்கள் என்பதையும் மறந்து, “கேட்டியளா அண்ணே!” என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“எம்மா, ஒனக்கும் சேத்துதான் சொன்னேன். அன்னைக்கி அந்த ரூம்ல நான் பேச வந்தப்பம் எனக்க கையப் பிடிச்சு அமுக்கினேல்லா? இனி அப்பிடி அமுக்காத. நீ பேசினது செரியாவே இருந்தாலும் அது நான் பேசவேண்டியது.”

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். காய் உரித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரும் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் சிரிக்கிறார் என்று தோள் குலுங்குவதில் தெரிந்தது. எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவளுக்காக ஏசி அறையில் மூன்று பேரை எதிர்த்து நின்றவள் நான். அண்ணனை எதிர்த்து நின்றவளும் நான். என்னையும் மாமாவோடு ஒரே வரிசையில் நிறுத்திவிட்டாள் பிள்ளை. கோபம்தான் முதலில் வந்தது. பெருமை வர ரொம்ப நேரம் ஆயிற்று, வந்த பிறகு போகவே இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செமஸ்டரும் அவளே போய் அந்த மேசை முன்னால் நின்றாள். அவளே மார்க்கைக் காட்டினாள். விடுதியை அவளே வாங்கினாள். நான் அந்த ஊர்ப் பக்கம் போகவே இல்லை.

ஆனால் அன்றைக்கு, அத்தனை பேர் முன்னால், நான் என்ன சொல்ல? எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, வத்தலுக்கு ஆட்கள் நின்றிருந்தார்கள்.

“பேசு மக்கா,” என்றேன். “நீயே பேசு.”